குடல் ஓட்டும் சைக்கிள்

2017 ஜூலையில் பாவெல் போல்யான்ஸ்கி என்ற போலந்து சைக்கிள் வீரர் தன் கால்களைப் படமெடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டார். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் 16-வது கட்டம் முடிந்த சமயம் அது. வெயிலில் வெந்த தோலுக்கு அடியில் நாளங்கள் தொடை முதல் கணுக்கால் வரை புடைத்து, கிளைவிட்டு, பின்னிக் கிடந்தன. கால்கள் கொஞ்சம் களைத்ததுபோலத் தெரிகிறது என்று கூடவே ஒரு வரி. படம் உலகைச் சுற்றி வந்தது. வியாதியா, ஊக்கமருந்தா என்று பதறியவர்கள் பலர். விளக்கம் என்னவோ சாதாரணமானதுதான். ஓய்வில் இருக்கும்போது நம் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியே அனுப்புகிறது. இந்தச் சைக்கிள் வீரர்கள் முழுமூச்சாக மலையேறும்போது அது 30 லிட்டரைத் தாண்டும். அதில் பெரும்பங்கு கால்களுக்குப் போகும். போன ரத்தம் திரும்பி வரவேண்டுமே, அதற்காகச் சிரைகள் விரிகின்றன. தோலுக்கடியில் அவற்றை மறைக்கக் கொழுப்பும் இல்லை. அவ்வளவுதான்.

அந்தப் படத்தைப் பார்த்தவர்கள், மூன்று வாரப் பந்தயம் கால்களைத்தான் தின்கிறது என்று நினைத்திருப்பார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. கடைசி வாரத்தில் யார் வெல்வார் என்பதைக் கால்களைவிட அதிகமாகத் தீர்மானிப்பது குடல். உடலியல் ஆய்வுகளும் சில பெரிய தோல்விகளின் கதைகளும் அந்தப் பக்கம்தான் கைகாட்டுகின்றன.

மூன்று வாரச் சாலைப் பந்தயங்கள் உலகில் மூன்றே. 1903-ல் தொடங்கிய டூர் டி பிரான்ஸ், 1909-ல் வந்த ஜிரோ டி இத்தாலியா, 1935-ல் ஸ்பெயினில் பிறந்த வுவெல்டா. மூன்றுக்கும் இன்று ஒரே அச்சு: 21 கட்டங்கள், நடுவே பெரும்பாலும் 2 ஓய்வு நாட்கள், மொத்தம் சுமார் 3,400 கிலோமீட்டர். எல்லாக் கட்டங்களின் நேரத்தையும் கூட்டி, குறைவாக எடுத்தவர் வெற்றியாளர். முன்காலத்தில் தூரம் இன்னும் கொடூரமாக இருந்தது. 1926-ல் 17 கட்டங்களில் 5,745 கிலோமீட்டர் ஓட்டவைத்தார்கள். இன்றைய அமைப்பாளர்கள் தூரத்தைக் குறைத்துவிட்டு, மலைகளை எங்கே வைப்பது என்பதில் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுகிறார்கள். உயரமான கணவாய்கள் பெரும்பாலும் கடைசி வாரத்துக்கு ஒதுக்கப்படும். விறுவிறுப்பு முன்கூட்டியே தீர்ந்துவிடக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. உடம்பு ஏற்கெனவே பாதி காலியான நேரத்தில் மிகக் கடினமான வேலை வந்து சேருகிறது.

எவ்வளவு வேலை? இன்றைய பந்தய சைக்கிள் ஒவ்வொன்றிலும் பவர் மீட்டர் இருக்கிறது. பெடலில் விழும் விசையையும் அது சுழலும் வேகத்தையும் அளந்து, எத்தனை வாட் என்று கைப்பிடியில் உள்ள சிறு திரைக்கு அனுப்பும். 65 கிலோ எடையுள்ள ஒருவர் 5 மணி நேரம் சராசரியாக 220 வாட்டில் ஓட்டினால், அவர் செய்த வேலை ஏறக்குறைய 4,000 கிலோஜூல். இங்கே இயற்கை ஒரு வசதி செய்து தந்திருக்கிறது. மனித உடல் எரிக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் பெடலுக்குப் போகிறது, மிச்சமெல்லாம் வெப்பம். ஒரு கிலோகலோரி என்பதோ 4 கிலோஜூலுக்குச் சற்று அதிகம். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால், திரை காட்டும் கிலோஜூலை அப்படியே கிலோகலோரியாக எடுத்துக்கொள்ளலாம். 4,000 கிலோஜூல் வேலை என்றால் உடல் எரித்ததும் சுமாராக 4,000 கிலோகலோரி. மூச்சுவிடவும் ரத்தம் ஓடவும் உடல் சும்மா இருந்தாலே செலவழிக்கும் 1,700 சொச்சத்தையும் இதர செலவையும் சேர்த்தால் ஒரு நாள் கணக்கு 6,000-ஐத் தாண்டும். மலை நாட்களில் இன்னும் மேலே.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. 1980-களில் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் ஆய்வாளர்கள் வெஸ்டர்டெர்ப்பும் சாரிஸும் டூர் வீரர்கள் சிலரிடமே இதை அளந்து பார்த்தார்கள். கையாண்ட முறை அழகானது. கனமான ஹைட்ரஜனும் கனமான ஆக்சிஜனும் கலந்த தண்ணீரை வீரர் குடிப்பார். அந்த ஹைட்ரஜன் உடலிலிருந்து நீராக மட்டுமே வெளியேறும். ஆக்சிஜனோ நீராகவும் போகும், மூச்சில் கரியமில வாயுவாகவும் போகும். சிறுநீரைச் சோதித்து இரண்டும் குறைந்துவரும் வேக வித்தியாசத்தைக் கண்டால், எவ்வளவு கரியமில வாயு வெளியேறியது, அதற்கு எவ்வளவு ஆற்றல் எரிந்தது என்று தெரிந்துவிடும். வீரரின் முகத்தில் முகமூடி எதையும் மாட்டவேண்டியதில்லை. அவர் பாட்டுக்குப் பந்தயம் ஓட்டலாம். கிடைத்த விடை: உடலின் அடிப்படைச் செலவைப்போல நான்கிலிருந்து ஐந்து மடங்கு வரை, நாள் தவறாமல், மூன்று வாரம்.

செலவு தெரிந்தது. வரவு? சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

தசைகளிலும் கல்லீரலிலும் சேர்த்து வைக்க முடிந்த கிளைகோஜன், நன்கு பயிற்சி பெற்றவருக்கே 500, 600 கிராம்தான். அதன் ஆற்றல் 2,000 கிலோகலோரியை ஒட்டி வரும். கொழுப்பு எத்தனையோ மடங்கு இருந்தாலும் அது மெல்ல எரியும் விறகு. ஏற்றத்தில் ஒருவர் பாய்ந்து முந்தும்போது பின்தொடர அது உதவாது. அந்த வேகத்துக்கு மாவுச்சத்துதான் வேண்டும். ஆகவே கிளைகோஜன் தீரும் முன் ஓட்டிக்கொண்டே சாப்பிட வேண்டும், மாலையில் மீண்டும் நிரப்ப வேண்டும், மறுநாள் முழுக் கையிருப்போடு கிளம்ப வேண்டும். ஒரு நாள் இந்த நிரப்பலில் 50 கிராம் குறைந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். அதுவே நாலைந்து நாள் தொடர்ந்தால் 17-வது கட்டத்தில் உலகமே கவனிக்கும்.

வேண்டுமளவு சாப்பிட்டுவிட்டால் போயிற்று என்று தோன்றும். குடல் ஒப்புக்கொள்ளாது. சிறுகுடலின் சுவரில் குளுக்கோஸை உள்ளே இழுக்க ஒரு வகைப் புரதம் இருக்கிறது. அது மணிக்குச் சுமார் 60 கிராம் வரை இழுக்கும். அதற்கு மேல் எவ்வளவு குடித்தாலும் குடலிலேயே தேங்கி, வயிற்றுப் பிரட்டலில் கொண்டுபோய் விடும். 2000-களின் தொடக்கத்தில் ஆஸ்கர் யூகென்ட்ரப் என்ற நெதர்லாந்து ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதற்கு ஒரு பக்கவாசலைக் காட்டினார்கள். பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸ் வேறொரு புரதத்தின் வழியாக உள்ளே போகிறது. இரண்டையும் கலந்து கொடுத்தால் இரண்டு வாசலும் ஒரே நேரத்தில் திறக்கும். மணிக்கு 90 கிராம் வரை உடல் ஏற்கும். இன்றைய வீரர்கள் மாதக்கணக்கில் குடலைப் பழக்கி 120 கிராம் வரை கொண்டுபோயிருக்கிறார்கள். 120 கிராம் என்றால் 24 தேக்கரண்டி சர்க்கரை. ஒரு மணி நேரத்துக்கு. அப்படி ஐந்து மணி நேரம். பசிக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. மீட்டரைப் பார்த்து ஊட்டுகிறார்கள்.

குடலைப் பழக்க முடியும் என்பதே பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும். மாவுச்சத்தைத் தொடர்ந்து அதிகமாகக் கொடுத்துவந்தால் அந்தக் கடத்தும் புரதங்கள் சில நாட்களிலேயே பெருகுகின்றன, இரைப்பையும் வேகமாகக் காலியாகப் பழகிக்கொள்கிறது. குளிர்காலப் பயிற்சியில் தொடைக்கு எவ்வளவு வேலை கொடுக்கிறார்களோ அதே கவனத்தோடு வயிற்றுக்கும் கொடுக்கும் காலம் வந்துவிட்டது.

டூர் சமையல்காரர்களின் பட்டியலைப் பார்த்தால் நமக்கு அன்னியமாகவே இருக்காது. காலையில் வெள்ளைச் சோறும் ஆம்லெட்டும். வழியில் தின்ன, குழைய வடித்த சோற்றைத் தட்டி, வில்லைகளாக வெட்டி, ஈயத்தாளில் சுற்றித் துணிப்பையில் போட்டுச் சாலையோரத்தில் நின்று நீட்டுவார்கள். மாலை பஸ்ஸில் ஏறியதும் மறுபடி சோறு. மலை நாளுக்கு முந்தைய இரவு காய்கறி, கீரை, முழுதானியம் எல்லாம் தட்டிலிருந்து காணாமல்போகும். நார்ச்சத்து குடலில் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தச் சில நூறு கிராம் எடையையும் கணவாய்க்குத் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை என்பது காரணம். தீட்டாத அரிசி, காய்கறி என்று நமக்கு ஓயாமல் உபதேசிக்கும் ஊட்டச்சத்து அறிவியல், இங்கே மூன்று வாரத்துக்கு அதைத் தலைகீழாக்கிவிடுகிறது. உணவு நல்லதா கெட்டதா என்பது உண்பவர் மறுநாள் என்ன செய்யப்போகிறார் என்பதைப் பொறுத்தது.

இவ்வளவு செய்தும் வரவு செலவை எட்டுமா? 2019-ல் ஹெர்மன் பான்ட்ஸர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அமெரிக்காவைக் கிழக்கு மேற்காக ஐந்து மாதம் ஓடியே கடந்தவர்களை அளந்து, டூர் போன்ற பிற நெடும் போட்டிகளின் தரவுகளோடு வைத்துப் பார்த்தார்கள். நாட்கள் கூடக்கூட, மனிதன் தாங்கக்கூடிய தினசரிச் செலவு சரிந்துகொண்டே வந்து, அடிப்படைச் செலவின் இரண்டரை மடங்கில் நிற்கிறது. காரணம் அவர்கள் பார்வையில் குடல்: நீண்ட காலத்தில் அதனால் உறிஞ்ச முடிந்தது அவ்வளவுதான், மீதி உடம்பிலிருந்து எடுக்கப்படுகிறது. எல்லோரும் இந்த எண்ணை அப்படியே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. மாஸ்ட்ரிக்ட் குழு அளந்த டூர் வீரர்கள், சர்க்கரைக் கரைசலை ஏராளமாகக் குடித்ததால், செலவுக்குக் கிட்டத்தட்ட ஈடாகவே உண்டு எடை குறையாமல் முடித்திருந்தார்கள். எனக்கு இரண்டும் முரணாகத் தெரியவில்லை. எல்லை ஒன்று இருக்கிறது; அதைச் சற்றே தள்ளி நிறுத்தத் தெரிந்தவர்கள்தான் இந்தத் தொழிலுக்கே வருகிறார்கள். அவர்களுக்குள்ளும் யார் அதிகம் தள்ளுகிறார் என்பது மூன்றாவது வாரத்தில் தெரிகிறது.

2023 ஜூலை 19 அன்று அது எப்படித் தெரிந்தது என்று பார்க்கலாம். டூரின் 17-வது கட்டம். ஆல்ப்ஸ் மலையில் 166 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 5,000 மீட்டருக்கு மேல். கடைசி ஏற்றம் 2,304 மீட்டர் உயரமுள்ள கோல் டி லா லோஸ். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட நான்கில் ஒரு பங்கு குறைவு; ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதற்கேற்பக் குறைவு. முந்தைய நாள், ஒவ்வொருவரும் தனித்தனியாக ஓட்டும் நேர ஓட்டத்தில் டென்மார்க்கின் யோனாஸ் விங்கெகோர், ஸ்லோவேனியாவின் ததேய் போகாச்சரைவிட 1 நிமிடம் 38 நொடி வேகமாக ஓட்டியிருந்தார். அதுவரை இருவருக்கும் இடைவெளி வெறும் 10 நொடி. இப்போது லோஸ் ஏற்றத்தில் போகாச்சர் பின்தங்க ஆரம்பித்தார். தான் தீர்ந்துவிட்டதாக, செத்துவிட்டதாக அவர் வானொலியில் அணியிடம் சொன்னது நேரலையிலேயே கேட்டது. சக வீரர் மார்க் சோலர் கூடவே இருந்து இழுத்துச்செல்ல, விங்கெகோருக்கு 5 நிமிடம் 45 நொடி பின்னால் வந்து சேர்ந்தார். நிறையச் சாப்பிட்டதாகவும், எதுவும் கால்களுக்குப் போகவில்லை, எல்லாம் வயிற்றிலேயே நின்றுவிட்டதாகவும் பிறகு அவர் விளக்கினார்.

அந்த விளக்கம் சாக்குப்போக்கு இல்லை, பாடப்புத்தக உடலியல். கடுமையாக ஓட்டும்போது உடல் ரத்தத்தைத் தசைக்கும், வெப்பத்தை வெளியேற்றத் தோலுக்கும் திருப்பிவிடுகிறது. குடலுக்குப் போகும் ரத்தம் கணிசமாகக் குறையும். வெயிலும் நீரிழப்பும் சேர்ந்தால் இன்னும் குறையும். ரத்தம் வராத குடல் உறிஞ்சாது. உறிஞ்சப்படாத சர்க்கரை வயிற்றைக் கலக்கும். கலங்கிய வயிறு அடுத்த கவளத்தை மறுக்கும். அதற்குள் கிளைகோஜன் தீரும். ஏப்ரலில் மணிக்கட்டு எலும்பு முறிந்ததால் போகாச்சருக்குப் பயிற்சி குறைந்திருந்தது, அன்று கட்டத்தின் தொடக்கத்தில் ஒரு முறை கீழே விழுந்தார் என்பவற்றையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு காரணத்தால் மட்டும் யாரும் 6 நிமிடத்தை இழப்பதில்லை.

கடைசி வாரத்தில் வீரரின் உடலுக்குள் வேறு சிலவும் நடக்கின்றன. மருத்துவர்கள் முதலில் பார்ப்பது இதயத்துடிப்பை. முதல் வாரத்தில் ஓர் ஏற்றத்தில் நிமிடத்துக்கு 185 துடித்த இதயம், மூன்றாவது வாரத்தில் எவ்வளவு முயன்றாலும் 170-ஐத் தாண்ட மறுக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் உடல்தகுதி கூடியதுபோலத் தோன்றும். பாதி உண்மையும் உண்டு. தொடர்ந்த உழைப்பால் ரத்தத்தின் திரவப்பகுதியான பிளாஸ்மா பெருகுகிறது, ஒவ்வொரு துடிப்புக்கும் அதிக ரத்தம் போகிறது, அதனால் துடிப்பு குறைந்தால் போதும். மறுபாதிதான் கவலைக்குரியது. இதயத்தை விரட்டும் அட்ரினலின் போன்ற சமிக்ஞைகளுக்கு உடல் மரத்துப்போகிறது. வாட் அதே, துடிப்பு குறைவு, ஆனால் வீரருக்கு முன்பைவிட அதிகம் வலிக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பயிற்சியாளர் முகம் மாறிவிடும். டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஹார்மோன்கள் இறங்குவதும், தூக்கம் கெடுவதும் இதோடு சேரும். அணிகள் ஒவ்வொரு வீரரின் மெத்தையையும் ஓட்டலுக்கு ஓட்டல் லாரியில் தூக்கிச்செல்வதைப் பார்த்து ஒரு காலத்தில் சிரித்தார்கள். இப்போது யாரும் சிரிப்பதில்லை.

பிளாஸ்மா பெருகுவதற்கு இன்னொரு விளைவு உண்டு. சிவப்பணுக்கள் அதே அளவில் இருக்க, திரவம் கூடினால் ரத்தம் நீர்த்துப்போகும். மூன்று வாரத்தில் ஹீமோகுளோபின் செறிவு பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்குவது இயல்பு. சைக்கிள் பந்தயத்தின் மிக அசிங்கமான அத்தியாயம் இந்த இயல்பான இறக்கத்தைச் சுற்றி எழுதப்பட்டதுதான். வீரர்கள் இபிஓ என்ற ஹார்மோனை ஊசியில் ஏற்றிச் சிவப்பணுக்களைப் பெருக்கினார்கள். அது பிடிபடத் தொடங்கியதும், பந்தயத்துக்கு முன்பே தங்கள் ரத்தத்தை எடுத்துக் குளிரில் வைத்து, ஓய்வு நாளன்று ஓட்டல் அறையில் மறுபடி ஏற்றிக்கொண்டார்கள். அந்தக் காலத்து வீரர்கள் சிலரே பின்னர் இதை ஒப்புக்கொண்டார்கள். 1999 முதல் 2005 வரை ஏழு டூர் பட்டங்களை வென்ற லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கிடமிருந்து 2012-ல் ஏழும் பறிக்கப்பட்டன. 2006-ல் ஃபிளாய்ட் லாண்டிஸ் 16-வது கட்டத்தில் முதலிடத்துக்கான மஞ்சள் ஜெர்சியோடு சுருண்டு 8 நிமிடத்துக்கு மேல் இழந்தார். மறுநாளே மலைகளில் தனியாகப் பறந்து வென்று உலகை வாய்பிளக்கவைத்தார். அன்றைய சிறுநீரில் செயற்கை டெஸ்டோஸ்டிரோன் இருந்தது, வென்ற டூர் பட்டம் போயிற்று. காலியான உடல் ஒரே இரவில் நிரம்பாது என்பதை அறிந்தவர்களுக்கு அந்த வெற்றி அன்றே உறுத்தியிருக்க வேண்டும். 2008 முதல் ஒவ்வொரு வீரரின் ரத்த அளவுகளும் தொடர்ந்து பதிவுசெய்யப்படுகின்றன. மூன்றாவது வாரத்தில் ஹீமோகுளோபின் இறங்காமல் நின்றால், அதுவே இன்று சந்தேகத்துக்குக் காரணம்.

இத்தனையும் தாங்கி ஓர் உடல் 21 நாள் எப்படி ஓட்டுகிறது? மூன்று வாரம் தினமும் ஐந்து மணி நேரம் இதே தீவிரத்தில் ஓடச் சொன்னால் முடியாதே. விடை தசையின் வேலை முறையில் இருக்கிறது. மலைக்கோயில் படியேறும்போது மூச்சு வாங்கும், மறுநாள் தொடை வலிப்பதோ இறங்கியதால்தான். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்குகிறது. அப்படித் தாங்கும்போதுதான் தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் விழும். ஓட்டக்காரருக்கு ஒவ்வோர் அடியும் அப்படி ஒரு தாங்கல். சைக்கிளில் தசை சுருங்கித் தள்ளுகிறது, அவ்வளவே. எடையை இருக்கை சுமக்கிறது. தசை கிழியாமல் எரிபொருளை மட்டும் இழப்பதால், இரவில் எரிபொருளை நிரப்பினால் மறுநாள் ஓட்டலாம். வயிறு இந்தப் பந்தயத்தில் இவ்வளவு அதிகாரம் பெற்றதற்குக் காரணமே இதுதான் என்பேன்.

இன்னொரு காரணம் காற்று. ஸ்பெயின் ஆய்வாளர் அலெஹாண்ட்ரோ லூசியாவின் குழு டூர் வீரர்களின் இதயத்துடிப்பை மூன்று வாரமும் பதிவுசெய்தபோது, ஓட்டிய நேரத்தில் 70 சதவீதம் எளிதான தீவிரத்தில்தான் போயிருந்தது. மிகக் கடுமையான பகுதி 7 சதவீதம். இந்தச் சிக்கனத்துக்குக் கூட்டம் உதவுகிறது. பெல்ஜியத்தைச் சேர்ந்த பெர்ட் பிளாக்கன் 2018-ல் 121 வீரர்கள் அடங்கிய பெலட்டான் கூட்டத்தைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் வைத்துப் பார்த்தார். கூட்டத்தின் நடுவயிற்றில் ஓட்டுபவருக்கு, தனியாக ஓட்டுபவர் சந்திக்கும் காற்றுத் தடையில் 5 முதல் 10 சதவீதம்தான் மிஞ்சுகிறது. ஏற்றத்தில் வேகம் 18, 20 கிலோமீட்டருக்கு இறங்கியதும் இந்தக் கவசம் பெரும்பாலும் கழன்றுவிடும். அங்கே எதிரி காற்று இல்லை, புவியீர்ப்பு. யார் பின்னாலும் ஒளிய முடியாது. மூன்றாவது வாரத்தில் மலைகளை வைப்பதன் கொடுமை இதில் அடங்கியிருக்கிறது.

முன்னால் பட்டத்துக்குச் சண்டை நடக்கும்போது பின்னால் வேறொரு பந்தயம் நடக்கிறது. எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். சமவெளியில் 70 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் ஸ்பிரின்டர்கள் கனமான உடல்காரர்கள். மலையில் அவர்களுடைய தசையே அவர்களுக்குச் சுமை. வெற்றியாளரின் நேரத்தோடு குறிப்பிட்ட சதவீதத்தைக் கூட்டி ஒரு கெடு வைப்பார்கள், தாண்டினால் வீட்டுக்கு. ஆகவே எந்த அணி என்று பாராமல் பின்தங்கியவர்கள் எல்லோரும் சேர்ந்து குருப்பெட்டோ என்ற கூட்டமாகி, கெடுவைக் கணக்கிட்டபடி மெல்ல ஏறுவார்கள். இறக்கத்திலும் பள்ளத்தாக்கிலும் விட்ட நேரத்தைப் பிடிப்பார்கள். 2011-ல் கலிபியே கணவாயில் முடிந்த 18-வது கட்டத்தில் 88 பேர் கெடுவைத் தாண்டி வந்தார்கள். அத்தனை பேரையும் நீக்கினால் பந்தயமே பாதியாகிவிடும் என்பதால் விட்டுவிட்டார்கள். ஸ்பிரின்டர் மார்க் கேவென்டிஷ் அதில் ஒருவர். அவர்களுடைய ஸ்பிரின்ட் போட்டிப் புள்ளிகளில் சிலவற்றை மட்டும் வெட்டினார்கள். 2018-ல் கேவென்டிஷும் இன்னொரு ஸ்பிரின்டரான மார்செல் கிட்டலும் 11-வது கட்டத்தில் கெடு தவறி வெளியேறினார்கள். அன்று கூடவே பெருங்கூட்டம் இல்லை, சலுகையும் இல்லை.

குடல்தான் எல்லாம் என்று நான் சொன்னால் 1989-ஐக் காட்டி மறுப்பவர்கள் இருப்பார்கள். நியாயம்தான். அந்த ஆண்டு டூரின் கடைசி நாள், வெர்சாயிலிருந்து பாரிசுக்கு 24.5 கிலோமீட்டர் நேர ஓட்டம். பிரெஞ்சு வீரர் லோரான் ஃபின்யோன் 50 நொடி முன்னணியில் இருந்தார். இருக்கை உரசி உண்டான புண் அவரைச் சில நாட்களாகத் தூங்கவிடவில்லை. அமெரிக்கர் கிரெக் லெமாண்ட் கைகளை முன்னால் குவித்துப் படுத்து ஓட்டும் புதுவகைக் கைப்பிடியோடு வந்து, ஃபின்யோனைவிட 58 நொடி வேகமாக முடித்தார். 3 வாரத்துக்குப் பிறகு வித்தியாசம் 8 நொடி. டூர் வரலாற்றில் இதைவிடச் சிறிய இடைவெளி இல்லை. ஒரு பக்கம் காற்றியல், மறுபக்கம் உள்ளங்கை அளவுகூட இல்லாத தோல். உடலின் எந்தப் பாகம் முதலில் கைவிடும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வயிறு கைவிடும் வாய்ப்பு மற்றவற்றைவிட அதிகம், அவ்வளவே என் வாதம்.

ஒரே ஆளை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கவும் ஒரு வாய்ப்பு அமைந்தது. 2018 ஜிரோவில் பிரிட்டனின் சைமன் யேட்ஸ் 13 நாள் முதலிடத்துக்கான இளஞ்சிவப்பு ஜெர்சியில் இருந்தார். மூன்று கட்டங்களை வென்றார். முதல் இரண்டு வாரமும் கிடைத்த இடத்திலெல்லாம் பாய்ந்தார். 19-வது கட்டத்தில் கோல்லே டெல்லே ஃபினெஸ்ட்ரே வந்தது. 18 கிலோமீட்டர் நீள ஏற்றம், மேல்பாதியில் தார் கிடையாது, சரளை. அங்கே யேட்ஸ் கரைந்துபோனார். அன்று மட்டும் 38 நிமிடம் 51 நொடி இழந்தார். அதே ஏற்றத்தில், முடிவுக்கோட்டுக்கு 80 கிலோமீட்டர் இருக்கும்போது தனியாகக் கிளம்பிய எதிரணி வீரர் கிறிஸ் ஃபுரூம் கட்டத்தையும் பிறகு பட்டத்தையும் வென்றார். ஃபுரூமின் அணி முந்தைய நாட்களிலேயே கணக்குப் போட்டு, ஏற்றம் நெடுக ஆட்களை நிறுத்தி, இன்ன இடத்தில் இன்ன புட்டி என்று நீட்டவைத்திருந்தது. தாக்குதலைத் திட்டமிட்டவர்கள் சமையற்கட்டிலிருந்து தொடங்கியிருந்தார்கள்.

யேட்ஸ் அதே ஆண்டு வுவெல்டாவுக்குப் போனார். இந்த முறை தொடக்கத்தில் அடக்கி ஓட்டினார், கடைசி வாரத்துக்குக் கையிருப்பு வைத்தார், வென்றார். கால்கள் அதே கால்கள். செலவு முறைதான் வேறு. 2025 மே 31 அன்று ஜிரோவின் 20-வது கட்டம் மீண்டும் ஃபினெஸ்ட்ரேக்கு வந்தது. யேட்ஸ் மூன்றாவது இடத்தில், 1 நிமிடம் 21 நொடி பின்னால். முன்னால் இருந்த மெக்சிகோவின் இசாக் டெல் டோரோவும் எக்வடோரின் ரிச்சர்ட் கராபாஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க, யேட்ஸ் கிளம்பினார். காலையிலேயே முன்னால் அனுப்பப்பட்டிருந்த சக வீரர் வவுட் வான் ஆர்ட் கணவாய்க்கு அப்பால் சேர்ந்துகொண்டு, சமவெளியில் அவருக்குக் காற்றை உடைத்துக் கொடுத்தார். மறுநாள் ரோமில் யேட்ஸ் 3 நிமிடம் 56 நொடி வித்தியாசத்தில் ஜிரோவை வென்றார்.

அடுத்த முறை டூர் நேரலை பார்க்க நேர்ந்தால், 16-வது கட்டத்துக்குப் பிறகு உட்காருங்கள். நம் நேரத்துக்கு முடிவுக்கோடு இரவு 9 மணி வாக்கில் வரும். கடைசி ஏற்றத்துக்கு முந்தைய பள்ளத்தாக்கில் கேமரா முன்னணி வீரர்களைக் காட்டும்போது முகத்தைப் பார்க்காதீர்கள், நடிப்பதில் எல்லோரும் தேர்ந்தவர்கள். கை முதுகுப் பைக்குப் போகிறதா, எடுத்ததை விழுங்குகிறாரா, நீட்டிய புட்டியை வேண்டாம் என்று தள்ளுகிறாரா என்று பாருங்கள். தள்ளுகிறவர்மேல் பந்தயம் கட்டாதீர்கள்.